சான்று இருந்தும் பத்தி ஏன் நிற்பதில்லை?

கேள்வி இதுதான்: கட்டுரையின் மையக் கருத்து தெளிவாக இருக்கிறது, தகவல்களும் போதுமான அளவு திரட்டியாயிற்று, ஒவ்வொரு பத்தியிலும் சான்று இருக்கிறது. ஆனாலும் படித்தவர் "உங்கள் பத்திகள் மையக் கருத்தைத் தாங்கவில்லை" என்று எழுதித் திருப்பித் தந்திருக்கிறார். என்ன குறை, எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலும் குறை சான்றில் இருப்பதில்லை. சான்றிலிருந்து மையக் கருத்துக்குப் போகும் வழி எழுதப்படாமல் விடுபட்டிருக்கும். எழுதுகிறவர் மனத்தில் அந்த வழி இருக்கிறது. பல நாள் யோசித்ததால் அவருக்கு அது வெளிப்படையாகவே தெரிகிறது. படிப்பவருக்குக் கிடைப்பதோ ஒரு முனையில் தகவல், மறு முனையில் முடிவு. நடுவில் இருக்க வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்கள் இல்லை. நல்ல துணைப் பத்தி என்று நான் கருதுவது அந்த இடைவெளியை எழுத்தால் நிரப்பிய பத்தியைத்தான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பயன் இருக்காது. ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு அதன் பத்திகளைப் பிரித்துப் பார்ப்போம்.

1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாட்களில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றே காலராவைப் பரப்புகிறது என்பது அன்றைய மருத்துவ உலகின் பொது நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்து, பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த ஓர் அடிகுழாயின் தண்ணீர்தான் காரணம் என்றார். பிறகு அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர் வைக்கும் மையக் கருத்து இது என்று கொள்வோம்: "1854-இல் சோஹோவில் காலராவைப் பரப்பியது கெட்ட காற்று அல்ல, பிராட் ஸ்ட்ரீட் அடிகுழாயின் தண்ணீர்தான்."

பத்திகளுக்குப் போகும் முன் இந்த வாக்கியத்தைச் சற்றுக் கவனியுங்கள். அதை மறுக்க முடியும். அன்றைக்கு நிறையப் பேர் மறுக்கவும் செய்தார்கள். "காலரா ஒரு கொடிய நோய்" என்றோ "தூய்மையான குடிநீர் மனிதருக்கு முக்கியம்" என்றோ மையக் கருத்து வைத்திருந்தால் அதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுப்பே இல்லாத கருத்துக்கு ஆதரவும் தேவையில்லை. அப்படிப்பட்ட கட்டுரையில் எத்தனை பத்திகள் எழுதினாலும் அவை தகவல் தொகுப்பாகவே நிற்கும். பத்திகள் பலவீனமாக இருக்கின்றன என்று யாராவது சொன்னால் முதலில் மையக் கருத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நோய் சில சமயம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது, எந்தப் பத்திகளை எழுதுவது என்ற தேர்வு. பலர் இங்கே தலைப்புகளைப் பட்டியலிடுகிறார்கள்: ஸ்னோவின் வாழ்க்கை, காலராவின் அறிகுறிகள், அன்றைய லண்டனின் சுகாதாரம், பிறகு அடிகுழாய். நான்கும் பொருளோடு தொடர்புடையவையே. ஆனால் முதல் மூன்றும் மையக் கருத்துக்கு எதையும் செய்வதில்லை. ஸ்னோ யார் மகனாகப் பிறந்தாலும் தண்ணீரைப் பற்றிய வாதம் மாறப் போவதில்லை. பொருளோடு தொடர்பு இருந்தால் மட்டும் ஒரு பத்தி இடம் பெற்றுவிட முடியாது. மையக் கருத்தோடும் அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும்.

நான் சொல்லித்தரும் வழி வேறு. உங்கள் கருத்தை நம்பாத ஒருவரை எதிரே உட்காரவைத்து, அவர் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதுங்கள். இறந்தவர்கள் அந்த அடிகுழாயைச் சுற்றித்தான் இருந்தார்களா? அருகில் இருந்தவர்கள் இறந்தார்கள் என்றால் அங்கே காற்றும் ஒன்றுதானே, தண்ணீர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய்? அருகில் இருந்தும் தப்பியவர்கள் உண்டா? தொலைவில் இருந்தும் இறந்தவர்கள் உண்டா? குழாயின் கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றதா, தானாகவே தணிந்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி. இப்படி எழுதினால் ஒவ்வொரு பத்திக்கும் செய்து முடிக்க ஒரு வேலை இருக்கும். வேலை இல்லாத பத்தி வரிசையில் நுழையவே முடியாது. மூன்று துணைப் பத்திகள்தான் வேண்டும் என்ற பள்ளிக்கூடக் கணக்கும் இங்கே அடிபட்டுப் போகும். நியாயமான கேள்விகள் எத்தனையோ அத்தனை பத்திகள்.

இனி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

"ஜான் ஸ்னோ ஒரு சிறந்த மருத்துவர் ஆவார். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது அவர் பல இடங்களை ஆராய்ந்தார். அங்கே ஓர் ஏழையர் விடுதி இருந்தது. அதில் 535 பேர் வசித்தனர். அவர்களில் ஐந்து பேர் மட்டுமே காலராவால் இறந்தனர். மேலும் ஒரு மது ஆலையில் 70-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் யாரும் காலராவால் இறக்கவில்லை. இதிலிருந்து தண்ணீரின் முக்கியத்துவத்தை நாம் அறியலாம்."

ஒரு தகவலும் பொய்யில்லை. எண்களும் சரியானவை. ஆனாலும் நம்பாதவரை இது அசைக்காது. விடுதியில் ஐந்து பேர் இறந்தது குறைவா அதிகமா என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் ஒப்பிட எதுவும் தரப்படவில்லை. விடுதி அடிகுழாய்க்கு அருகில் இருந்ததா என்பதும் சொல்லப்படவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பத்தியில் தண்ணீரே வரவில்லை. கடைசி வாக்கியத்தில் திடீரென்று தலைகாட்டுகிறது, அதுவும் "முக்கியத்துவம்" என்ற பிடிபடாத சொல்லோடு. மையக் கருத்து தண்ணீரின் முக்கியத்துவத்தைப் பற்றியதே அல்ல; எது காரணம், எது காரணம் அல்ல என்பதைப் பற்றியது.

அதே தகவல்களை வைத்துக்கொண்டு திருத்தி எழுதிப் பார்ப்போம்:

"கெட்ட காற்று காரணமாக இருந்திருந்தால், ஒரே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரே கதி நேர்ந்திருக்க வேண்டும், சோஹோவில் அப்படி நேரவில்லை. பிராட் ஸ்ட்ரீட்டுக்கு அருகிலிருந்த ஏழையர் விடுதியைச் சுற்றிலும் காலராவால் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இருந்தன. சுற்றுத் தெருக்களில் இறந்த அதே விகிதத்தில் விடுதியிலும் இறந்திருந்தால் அங்கே 100 பேருக்கு மேல் மாண்டிருக்க வேண்டும் என்று ஸ்னோ கணக்கிட்டார். ஆனால் அங்கிருந்த 535 பேரில் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. தண்ணீருக்காகப் பிராட் ஸ்ட்ரீட் அடிகுழாய்க்கு ஆள் அனுப்பும் வழக்கம் இல்லை. அந்தத் தெருவிலேயே இருந்த மது ஆலையிலும் இதே நிலைதான். 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடக் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் ஆலை தந்த மதுபானத்தைக் குடித்தார்கள். ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. ஒன்று ஆதரவற்றோர் தங்கும் விடுதி, மற்றொன்று உழைப்பாளிகள் வேலை செய்யும் ஆலை. உணவிலும் உடல்நிலையிலும் வேறுபட்ட இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவாக இருந்தது, அண்டை வீட்டார் குடித்த தண்ணீரை அவர்கள் குடிக்கவில்லை என்பதே. காற்று எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. சாவு அப்படி இருக்கவில்லை."

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் கூடிய வாக்கியங்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். முதல் வாக்கியம் இடத்தையோ ஆளையோ அறிமுகப்படுத்தவில்லை. நேராக ஒரு சோதனையை முன்வைக்கிறது: எதிர்த்தரப்பு சொல்வது சரியென்றால் இன்னது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. பத்தி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டது. "100 பேருக்கு மேல்" என்ற கணக்கு வந்ததும் "ஐந்து" என்ற எண்ணுக்கு உயிர் வந்துவிட்டது. கிணறு பற்றிய விவரம் காற்றைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அடுத்து, விடுதியும் ஆலையும் எந்த வகையில் வேறுபட்டவை என்று சொல்லும் வாக்கியம். பலர் எழுதாமல் விடுவது அதைத்தான். விடுதிக்காரர்கள் தப்பியதற்கு அவர்களுடைய உணவோ ஒழுங்கான வாழ்க்கையோ காரணமாக இருக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா வகையிலும் வேறுபட்ட இரண்டாவது கூட்டம் அதே காரணத்தால் தப்பியதைக் காட்டும்போது அந்தக் கேள்விக்கு வலு குறைகிறது. இரண்டு சான்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதன் பயன் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்ல. ஒன்று விட்ட சந்தேகத்தை மற்றொன்று தீர்ப்பது.

"மேலும்" என்ற சொல் போன இடமும் கவனிக்க வேண்டியது. முதல் வரைவில் விடுதியையும் ஆலையையும் இணைத்தது அதுதான். "மேலும்" என்பதற்கு "இன்னொன்றும் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இரண்டு தகவல்களுக்கும் என்ன உறவு என்பதை அது மறைத்துவிடுகிறது. உறவை யோசித்துத் தெரிந்துகொண்டால் தானாகவே வேறு சொல் வரும்: "இதற்கு மாறாக", "அதே காரணத்தால்", "அப்படியானால்", "இருந்தபோதிலும்". ஒரு பக்கத்தில் நான்கு "மேலும்" தென்பட்டால் அந்த நான்கு இடங்களிலும் யோசனை பாதியில் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த இணைப்பு வேலை புதிய கண்டுபிடிப்பு அல்ல. தமிழில் மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்தியத் தருக்க நூல்களில் பரவலாக வரும் மலை நெருப்பு உதாரணத்தை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கருத்து. புகை இருப்பதால் என்பது ஏது. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் அத்தகைய புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே இங்கும் நெருப்பு இருக்கிறது என்பது நிகமனம்.

நம் கட்டுரைகளில் பக்கம் இருக்கிறது, திட்டாந்தம் இருக்கிறது, நிகமனம் "எனவே" என்று வந்துவிடுகிறது. காணாமல் போவது உபநயம்: எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்ட பொருளோடு பொருத்திக் காட்டும் அந்த ஓர் அடி. உபநயத்தையும் நிகமனத்தையும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்ற கருத்தும் அதே காதையில் வருகிறது. வாதம் பழகியவர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது அது சரி. கட்டுரையைப் படிப்பவர் அப்படிப் பழகியவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இடையில் நிறுத்திக் கேட்கவும் அவரால் முடியாது. எழுத்தில் அந்த அடியை எடுத்தே ஆக வேண்டும். ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958-இல் வாதங்களின் அமைப்பை ஆராய்ந்தபோதும் கருத்து, தரவு என்ற இரண்டோடு நிறுத்தாமல், தரவிலிருந்து கருத்துக்குப் போக அனுமதி தரும் மூன்றாவது ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டினார். காலமும் இடமும் வேறு, கண்ட உண்மை ஏறக்குறைய ஒன்றே.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண் வந்துவிட்டாலே வாதம் முடிந்துவிட்டது என்ற மயக்கம் பரவலாக இருக்கிறது. அதே 1854-இல் தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்து வீடுகளுக்குத் தண்ணீர் தந்தன. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தான் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரக் கழிவு கலக்காத மேல் பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் நிறுவனம் கழிவு கலந்த தேம்ஸ் நீரையே எடுத்தது. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் தண்ணீர் பெற்ற வீடுகளில் 1,263 பேரும், லாம்பெத் தண்ணீர் பெற்ற வீடுகளில் 98 பேரும் காலராவால் இறந்தார்கள்.

இப்படியே எழுதி நிறுத்தினால் விவரம் தெரிந்த வாசகர் உடனே கேட்பார்: முதல் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் அதிகமோ? ஆம், அதிகம்தான். 40,046 வீடுகள் அதனிடமும் 26,107 வீடுகள் லாம்பெத்திடமும் தண்ணீர் பெற்றன. ஆகவே 10,000 வீடுகளுக்கு எத்தனை சாவு என்று கணக்கிட வேண்டும். ஸ்னோ அதைத்தான் செய்தார்: ஒன்றில் 315, மற்றொன்றில் 37. எட்டு மடங்குக்கும் மேல். 1,263-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் 13 மடங்குக்குக் கிட்டத்தட்ட வரும், பார்க்க அதுதான் பெரியது. ஆனால் எட்டு மடங்குதான் நேர்மையான எண். எதிர்த்தரப்பு அதில் கை வைக்க முடியாது. பத்தியில் பெரிய எண்ணைத் தேடாதீர்கள், தாங்கும் எண்ணைத் தேடுங்கள். எதில் எத்தனை, எதோடு ஒப்பிட்டால், எந்தக் காலத்துக்குள் என்ற மூன்றும் இல்லாத எண் வெறும் அலங்காரம்.

இந்தச் சான்றில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் மாணவரின் மையக் கருத்து சோஹோவின் ஓர் அடிகுழாயைப் பற்றியது. இந்த எண்களோ ஆற்றுக்கு மறுபக்கம் உள்ள தெற்கு லண்டனைப் பற்றியவை. எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிராட் ஸ்ட்ரீட் குழாயைப் பற்றி அவை நேரடியாக எதையும் சொல்வதில்லை. அப்படியானால் பத்தியை விட்டுவிடுவதா? வேண்டாம். மையக் கருத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன: காற்று அல்ல, தண்ணீர்தான். ஒரே தெருவில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், அதே காற்றைச் சுவாசித்தவர்களிடையே இத்தனை வேறுபாடு இருந்தது என்பது முதல் பாதிக்கு மிக வலுவான ஆதரவு. அதை அந்த அளவோடு சொல்ல வேண்டும். "சோஹோவுக்கு வெளியே நடந்ததுதான் என்றாலும், காற்றுக் கொள்கையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது" என்று பத்தி தொடங்கினால் வாசகருக்குக் குழப்பம் இல்லை. ஒரு சான்று மையக் கருத்தின் எந்தப் பகுதியைத் தாங்குகிறது, எதைத் தாங்கவில்லை என்று எழுதுகிறவரே எல்லை வகுத்துச் சொல்லும்போது வாசகருக்கு அவர் மேல் நம்பிக்கை கூடுகிறது. எல்லாச் சான்றும் எல்லாவற்றையும் நிரூபிக்கிறது என்று எழுதுபவரை யாரும் நம்புவதில்லை.

மேற்கோள்கள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் அறிஞரின் கூற்று உங்கள் கருத்துக்குச் சான்றாவது, அவர் கண்டறிந்த ஒன்றை அது சொல்லும்போது மட்டுமே. அவரும் உங்களைப் போலவே நினைத்தார் என்பது சான்று அல்ல. செய்யுள் வரிகளும் பழமொழிகளும் பத்திக்கு மெருகு தரலாம், பாரம் தாங்காது. மேற்கோளில் எந்தச் சொல்லை நீங்கள் நம்பியிருக்கிறீர்களோ அந்தச் சொல்லை அடுத்த வாக்கியத்தில் எடுத்துப் பேசுங்கள். பேச எதுவும் இல்லை என்றால் மேற்கோள் தேவைப்படவில்லை என்று பொருள். மேற்கோளோடு பத்தியை முடிப்பது கூடவே கூடாது. முடிவுரைக்கும் உரிமையை வேறொருவருக்குத் தந்துவிடுகிறீர்கள்.

இப்போது நம்பாதவரின் கடைசிக் கேள்வி: கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றதா? இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஸ்னோ சொன்னார், செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டது, காலரா நின்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே சாவுகள் குறையத் தொடங்கிவிட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலிசெய்து போயிருந்தார்கள். ஸ்னோவே இதை மறைக்கவில்லை. கைப்பிடி கழற்றப்படும் முன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டதால், அந்த நேரத்தில் அடிகுழாயின் கிணற்றில் நஞ்சு இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது என்றே எழுதினார்.

மாணவர் இதை என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விடலாம் என்று தோன்றும். விட்டால், இந்த விவரம் தெரிந்த ஒரே ஒரு வாசகர் போதும், மொத்தக் கட்டுரையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எடுத்து எழுதினால் நிலைமை வேறு. "கைப்பிடியைக் கழற்றியது நோயை நிறுத்தியதாகச் சொல்ல முடியாது, அதற்கு முன்பே சாவுகள் குறைந்துவிட்டன. ஆனால் தண்ணீர்தான் காரணம் என்ற முடிவு அந்த நிகழ்வை நம்பி நிற்கவில்லை. யார் இறந்தார்கள், யார் தப்பினார்கள், அவர்கள் எதைக் குடித்தார்கள் என்பதை நம்பி நிற்கிறது" என்று எழுதிவிட்டு, மிகக் கூர்மையான சான்றை அங்கே வைக்கலாம். சோஹோவில் முன்பு வாழ்ந்த ஒரு கைம்பெண் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் பக்கம் குடியேறியிருந்தார். பல மாதங்களாகப் பழைய தெருப் பக்கமே அவர் வரவில்லை. அந்த அடிகுழாயின் தண்ணீர் அவருக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் அவருக்குப் போனது. அதைக் குடித்த அவரும், அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுப் பெண்ணும் காலராவால் இறந்தார்கள். இருவரும் வசித்த பகுதிகளில் அப்போது காலரா இல்லை. சோஹோவின் காற்று அவர்களை எட்டவில்லை, தண்ணீர் எட்டியது.

எதிர்வாதத்தை எழுதும்போது அதன் வலுவான வடிவத்தையே எழுதுங்கள். "சிலர் இதை மறுக்கக்கூடும், ஆனால் அது தவறு" என்ற ஒரு வரி எதிர்வாதத்துக்கான பத்தி ஆகாது. அரசு அமைத்த மருத்துவ விசாரணைக் குழுவே 1855-இல் ஸ்னோவின் முடிவை ஏற்க மறுத்தது. அதில் இருந்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. ஹென்றி வொயிட்ஹெட் என்ற அப்பகுதிப் பாதிரியாரும் ஸ்னோவின் கருத்து பொய் என்று காட்டவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். கடைசியில் கிடைத்த விவரங்கள் அவரை ஸ்னோவின் பக்கம் கொண்டுவந்தன. சந்தேகத்தோடு தொடங்கியவரின் சாட்சியம் ஆதரவாளரின் சாட்சியத்தைவிடக் கனமானது. கட்டுரையில் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

வரிசையைப் பற்றி ஒரு கருத்து. வலுவான பத்தியை முதலில் வைப்பதா, கடைசியிலா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வலுவை வைத்து வரிசைப்படுத்துவதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பத்தி எழுப்பும் கேள்விக்கு அடுத்த பத்தி விடை சொல்ல வேண்டும். இறந்தவர்கள் குழாயைச் சுற்றி இருந்தார்கள் என்று முதல் பத்தி காட்டுகிறது. தொடக்க நாட்களின் 83 சாவுகளை ஸ்னோ ஆராய்ந்தபோது, பத்து சாவுகள் மட்டுமே வேறொரு குழாய்க்கு அருகில் நடந்திருந்தன. அந்தப் பத்திலும் ஐந்து குடும்பங்கள் பிராட் ஸ்ட்ரீட் தண்ணீரையே விரும்பி எடுத்தவை. இன்னும் மூன்று பேர் அந்தக் குழாய்க்கு அருகிலுள்ள பள்ளிக்குப் போன பிள்ளைகள். இதைப் படித்ததும் "அருகில் இருந்ததால் காற்றும் ஒன்றுதானே" என்ற கேள்வி எழும். அதற்கு விடுதியும் ஆலையும் விடை. "அது இரண்டு இடங்களில் நடந்த தற்செயல்" என்றால் தெற்கு லண்டன் விடை. இப்படிப் போனால் பத்திகளுக்கு இடையே செயற்கையான இணைப்பு வாக்கியங்களே தேவைப்படாது. இரண்டு பத்திகளை இடம் மாற்றி வைத்தும் கட்டுரையில் எதுவும் கெடவில்லை என்றால், அங்கே வாதம் இல்லை, பட்டியல்தான் இருக்கிறது.

வாக்கிய அளவில், தமிழில் எழுதுபவர்கள் இரண்டு பழக்கங்களைக் கைவிட்டால் பத்திகள் உடனே நிமிரும். ஒன்று, "கூறப்படுகிறது", "கருதப்படுகிறது", "நம்பப்படுகிறது". யார் கூறினார், யார் கருதினார்? ஆளைச் சொன்னால் சான்றை எடைபோடலாம், சொல்லாவிட்டால் அது வதந்தி. இரண்டு, எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நீண்ட வாக்கியம். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், பத்தியின் தலைமையான கருத்தை நாற்பது சொற்களுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிடுவது எளிது. வாசகர் அங்கே போய்ச் சேர்வதற்குள் தொடக்கத்தை மறந்திருப்பார். விவரங்களுக்கு நீண்ட வாக்கியம் பயன்படட்டும். பத்தியின் கருத்தைச் சொல்லும் வாக்கியமும், சான்றைப் பொருத்திக் காட்டும் வாக்கியமும் குறுகியவையாக இருக்கட்டும்.

இனி, திருத்தம் கேட்டுத் திரும்பி வந்த உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். புதிதாக எழுத உட்காராதீர்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அவற்றைப் படித்தாலே வாதம் புரிய வேண்டும். "ஜான் ஸ்னோ 1813-இல் பிறந்தார்" என்பதுபோல வெறும் தகவலாக ஒரு வாக்கியம் நின்றால், அந்தப் பத்திக்கு இன்னும் கருத்து கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சான்றுக்குப் பக்கத்திலும் "இதனால் என்ன?" என்று எழுதுங்கள். அதற்கான விடை அடுத்த வாக்கியத்திலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாத இடங்களில் மட்டும் புதிய வாக்கியம் சேருங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் இந்த ஒரு வேலையே பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

கடைசியாக ஒரு பத்தியை முழுவதும் எடுத்துவிட்டு மையக் கருத்தைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தப் பத்தி போகட்டும், எவ்வளவு உழைத்து எழுதியிருந்தாலும். சில சமயம் இதற்கு நேர்மாறாக நடக்கும்: கட்டுரையிலேயே மிகச் சிறந்த பத்தி மையக் கருத்தோடு ஒட்டாமல் நிற்கும். தெற்கு லண்டன் எண்களை எழுதிய மாணவருக்கு அப்படித் தோன்றலாம், ஏனென்றால் அவரிடம் உள்ள சான்றுகளில் மிக உறுதியானது அதுதான். அப்போது பத்தியை வெட்ட வேண்டாம். மையக் கருத்தைத் திருத்துங்கள்: "1854-இல் லண்டனில் காலராவைப் பரப்பியது கெட்ட காற்று அல்ல, கழிவு கலந்த குடிநீர், பிராட் ஸ்ட்ரீட் அடிகுழாயும் தெற்கு லண்டனின் வீட்டுக் குழாய்களும் அதைத் தனித்தனியே காட்டுகின்றன." இப்போது இரண்டு இடத்துச் சான்றுகளுக்கும் இடம் இருக்கிறது. மையக் கருத்தை எழுதி முடித்துவிட்டோம், இனி அதைத் தொடக்கூடாது என்ற விதி எதுவும் இல்லை. சான்றுகளோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதப்படும் மையக் கருத்து முதல் நாள் எழுதியதைவிடத் துல்லியமாக இருப்பது இயல்பு. முன்னுரையைக் கடைசியில் ஒருமுறை திருத்தி எழுத நேரம் ஒதுக்கி வையுங்கள்.